பழைய டர்போ இன்ஜினுக்கு வெளிச்சந்தை ஆயில் கூலர் அடாப்டர்: எந்த மரை சரி, வெப்பமாற்றியை என்ன செய்வது?

#1 இரும்பு_பிளாக்

அனைவருக்கும் வணக்கம். வால்வோ 740 வண்டியின் பி230எஃப்டி இன்ஜினுக்கு, காற்றில் குளிரும் ஆயில் கூலர் ஒன்றைப் பொருத்த முயன்று வருகிறேன். இன்ஜினைப் பற்றி அறியாதவர்களுக்குச் சுருக்கமாக: 2.3 லிட்டர், நான்கு சிலிண்டர், எட்டு வால்வு, வார்ப்பிரும்பு பிளாக், தண்ணீர் ஓட்டம் உள்ள டர்போ. பிளாக்குக்கும் ஆயில் ஃபில்டருக்கும் இடையில், கூலண்ட் ஓடும் வட்டமான வெப்பமாற்றி ஒன்று தொழிற்சாலையிலிருந்தே இருக்கிறது.

சமதளத்தில் ஒரு குறையும் இல்லை. நீண்ட ஏற்றத்தில் பூஸ்ட் (டர்போ தள்ளும் கூடுதல் காற்றழுத்தம்) விடாமல் நிற்கும்போது மட்டும் ஆயில் வெப்பம் 130 டிகிரியைத் தொடுகிறது. கூலண்ட் முள்ளோ தன் வழக்கமான இடத்தைவிட்டு நகர்வதில்லை. அதனால் பிளாக்குக்கும் ஃபில்டருக்கும் நடுவில் அமர்ந்து ஆயிலைக் கூலருக்குத் திருப்பிவிடும் அடாப்டரான, தெர்மோஸ்டாட் உள்ள அலுமினிய சாண்ட்விச் பிளேட் ஒன்றையும், 235 மி.மீ. அகலமுள்ள 13 வரிசைக் கூலரையும், 10ஆம் எண் ஹோஸ்களையும் வாங்கியுள்ளேன். பிளேட்டுடன், அதை நடுவில் பிடித்து நிறுத்தும் நடுபோல்ட்டுகள் இரண்டு வந்துள்ளன. இரண்டிலும் எந்த எழுத்தும் பொறிக்கப்படவில்லை. ஃபில்டரைக் கழற்றிவிட்டு, ஃபில்டர் ஏறும் நிப்பிளின் (மரையுள்ள குட்டைக் குழாய்) மரையில் இரண்டையும் கையால் திருகிப் பார்த்தபோது, இரண்டுமே ஏறுகின்றன. ஒன்று ஆட்டமில்லாமல் சீராக ஏறுகிறது, மற்றொன்று சற்றுத் தளர்வாக ஏறி, நான்கைந்து சுற்றில் பிடித்துக்கொள்கிறது.

என் கேள்விகள்: எந்த போல்ட் சரியானது? தொழிற்சாலை வெப்பமாற்றியை வைத்துக்கொண்டு அதன் மேலேயே பிளேட்டை அடுக்கலாமா, கழற்றிவிட வேண்டுமா? கூலரின் வாய்கள் எந்தப் பக்கம் பார்த்திருக்க வேண்டும்?

#2 வெர்னியர்

தளர்வாக ஏறும் போல்ட்டை இன்றே பெட்டியிலிருந்து எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள். அது எம்20×1.5 மரை. உங்கள் இன்ஜினில் ஃபில்டர் மரை முக்கால் அங்குலம், அங்குலத்துக்கு 16 புரி. எல்லா வண்டிக்கும் பொருந்தட்டும் என்று இரண்டு அளவிலும் போல்ட் போட்டு அனுப்புவது இத்தகைய செட்டுகளில் வழக்கம். சுபாரு ஈஜே, மிட்சுபிஷி 4ஜி63 போன்ற இன்ஜின்களுக்கு எம்20தான் வேண்டும்.

இந்த இரண்டு மரையும் ஒன்றையொன்று ஏமாற்றக்கூடியவை என்பதால் கணக்கோடு சொல்கிறேன். முக்கால் அங்குலம் என்பது 19.05 மி.மீ.; எம்20 உள்மரையின் உச்சிக்கு உச்சி விட்டம் ஏறத்தாழ 18.4 மி.மீ. அதாவது எம்20 உள்மரைக்குள் முக்கால் அங்குல நிப்பிள் போனால், ஒரு பக்கத்துக்கு மரையும் மரையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் ஆழம் 0.34 மி.மீ. மட்டுமே. சரியான இணையில் அது 0.86 மி.மீ. வரை இருக்கும். பிட்ச்சும், அதாவது புரிக்குப் புரி இடைவெளியும், ஒன்றல்ல: ஒன்று 1.5 மி.மீ., மற்றது 1.5875 மி.மீ. முதல் சில சுற்றுகள் தளர்வாகப் போய்ப் பின்பு பிடிப்பது இதனால்தான். அந்தப் பிடிப்பை இறுக்கம் என்று கையால் உணர்ந்துவிட்டால், சுமையை ஓரிரு புரிகளின் நுனி மட்டுமே தாங்கிக்கொண்டிருக்கும்.

சுமை எவ்வளவு என்பதையும் பார்த்துவிடலாம். ஃபில்டர் கேஸ்கெட்டின் விட்டம் 65 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், அதன் பரப்பு சுமார் 33 சதுர செ.மீ. ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் அழுத்தம் 6 பார் வரை போகக்கூடும். அந்த நேரத்தில் ஃபில்டரைப் பிளாக்கிலிருந்து பிடுங்கி எறியப் பார்க்கும் விசை சுமார் 200 கிலோ. முன்பு ஃபில்டரின் தகட்டு மரை தாங்கிய அந்த விசை, இனி உங்கள் நடுபோல்ட்டின் வழியாகவும் போகும். மரை விட்டுப்போனால் இன்ஜினின் அடித்தொட்டியான சம்ப்பிலுள்ள ஆயில் முழுவதும் சில நொடிகளில் சாலைக்கு வந்துவிடும். அதில் ஒரு பங்கு சிவந்திருக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலும் தெறிக்கலாம்.

எனவே கையுணர்வை நம்ப வேண்டாம். வெர்னியரால் நிப்பிளின் வெளிவிட்டத்தை அளந்து, பிட்ச் கேஜை வைத்துப் புரியைப் பாருங்கள். 19 மி.மீ.க்கு அருகில் வந்தால் முக்கால் அங்குலம், 19.8க்கு மேல் வந்தால் எம்20. அதன்பின் சரியான போல்ட்டை முழுதாக ஏற்றி, எத்தனை சுற்றுப் போகிறது என்று எண்ணுங்கள். ஏழு முழுச் சுற்றுக்குக் குறைவாக இருந்தால், அந்த நிப்பிளின் நீளம் போதாது என்றே நான் சொல்வேன்.

#3 ஐந்தாம்_கியர்

மரை பற்றி மேலே சொல்லப்பட்டதில் எனக்கு மாறுபாடு இல்லை. வெப்பமாற்றியைப் பொறுத்தவரை, யோசிக்காமல் கழற்றிவிடுங்கள். சூடான கூலண்ட்டை வைத்து ஆயிலைக் குளிர்விப்பது எனக்கு என்றுமே விளங்காத ஏற்பாடு. 90 டிகிரி தண்ணீரால் ஆயிலை 90க்குக் கீழே கொண்டுவர முடியாது என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். முடிந்தால் தெர்மோஸ்டாட் இல்லாத எளிய பிளேட்டையும், 13 வரிசைக்குப் பதிலாக 19 வரிசைக் கூலரையும் போடுங்கள். ஆயில் எவ்வளவு குளிர்கிறதோ டர்போவுக்கு அவ்வளவு ஆயுள்.

#4 மெதுவோட்டம்

ஐந்தாம்_கியர் அவர்களே, ஓட்டப் பாதையில் மட்டும் ஓடும் வண்டிக்கு நீங்கள் சொல்வது ஓரளவு பொருந்தும். கடைக்கும் வேலைக்கும் போய்வரும் வண்டிக்கு அது கேடாகவே முடியும்.

இன்ஜின் ஓடும்போது பிஸ்டன் வளையங்களைத் தாண்டி வரும் வாயுவோடு நீராவியும் எரியாத பெட்ரோலும் ஆயிலில் கலக்கின்றன. ஆயில் 100 டிகிரியை ஒட்டிச் சிறிது நேரமாவது நின்றால்தான் அவை ஆவியாகி, இன்ஜினின் மூச்சுக்குழாயான பிரீதர் வழியாக வெளியேறும். எப்போதும் 70 டிகிரியிலேயே ஓடும் ஆயில் பார்வைக்குக் குளிர்ந்து நன்றாயிருந்தாலும், உள்ளே நீர்த்துப்போய், அமிலம் சேர்ந்து, வால்வு மூடிக்கு அடியில் வெண்மஞ்சள் கசடாகப் படியத் தொடங்கிவிடும். சம்ப்பில் 90 முதல் 110 டிகிரி வரை என்பதே பெரும்பாலான பெட்ரோல் இன்ஜின்களுக்கு உகந்த அளவு. 130ஐத் தாண்டி நெடுநேரம் நின்றால் ஆயில் விரைவாக ஆக்சிஜனேற்றம் அடையும். வெப்பம் 10 டிகிரி ஏறும்போதெல்லாம் அந்த வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது பொதுவான கணிப்பு. ஆகவே இரண்டு பக்கமும் எல்லை உண்டு. தெர்மோஸ்டாட் உள்ள பிளேட் 80 டிகிரியை ஒட்டித் திறந்து, அதற்குக் கீழே ஆயிலின் பெரும்பகுதியைக் கூலருக்கு அனுப்பாமல் நேராக ஃபில்டருக்கே விடுகிறது. சாலை வண்டிக்கு அது இல்லாத பிளேட்டை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

தொழிற்சாலை வெப்பமாற்றியையும் அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட வேண்டாம். அது காலையில் ஆயிலைச் சூடாக்கும் வேலையையும் செய்கிறது. கூலண்ட் ஆயிலுக்கு முன்பே சூடேறிவிடுவதால், வண்டி எடுத்த சில நிமிடங்களில் ஆயிலும் அதன் உதவியால் ஏறுகிறது. பிறகு ஏற்றத்தில் ஆயில் கூலண்ட்டை முந்தும்போது, அதே கருவி வெப்பத்தைத் திருப்பி எடுத்துக்கொள்கிறது. அது ஒழுங்காக வேலை செய்யும் இன்ஜினில் கூலண்ட் 90லும் ஆயில் 130லும் நிற்பது எனக்கு ஐயத்தைத் தருகிறது.

இரும்பு_பிளாக், முதலில் இரண்டு தகவல் வேண்டும். அந்த 130 எங்கே அளக்கப்பட்டது? வெப்பமாற்றிக்குள் கூலண்ட் உண்மையிலேயே ஓடுகிறதா? இன்ஜின் நன்றாகச் சூடேறிய பின், அதற்குள் வரும் ஹோஸையும் அதிலிருந்து போகும் ஹோஸையும் அகச்சிவப்பு வெப்பமானியால் பாருங்கள். ரப்பரின் மேற்பரப்பு உண்மையான வெப்பத்தைவிடக் குறைவாகவே காட்டும், ஆனால் இரண்டும் ஒரே ரப்பர் என்பதால் ஒப்பிடத் தடையில்லை. வெளியே போகும் ஹோஸ் உள்ளே வரும் ஹோஸைவிடச் சூடாக இருக்க வேண்டும். குளிர்ந்திருந்தால் ஓட்டம் அடைபட்டிருக்கிறது.

#5 இரும்பு_பிளாக்

வெர்னியர் ஐயாவுக்கு நன்றி. நிப்பிள் 18.97 மி.மீ. காட்டுகிறது, சரியான போல்ட் எட்டுச் சுற்றுப் போகிறது. தளர்வான போல்ட்டைத் தனியே எடுத்து வைத்துவிட்டேன்.

மெதுவோட்டம் அவர்களின் கேள்விக்கு: வெப்ப சென்சார் சம்ப்பின் வடிகால் போல்ட்டில் இருக்கிறது. ஃபில்டரை மீண்டும் மாட்டி, வண்டியை ஏற்றத்தில் ஓட்டிவந்து அளந்ததில், உள்ளே வரும் ஹோஸ் 84 டிகிரி, வெளியே போகும் ஹோஸ் 57 டிகிரி. பிறகு வெப்பமாற்றியைக் கழற்றியே பார்த்துவிட்டேன். கூலண்ட் போகும் வாய்க்குள் பழுப்பு நிறத்தில் கெட்டியான படிவு; மெல்லிய கம்பிகூட மறுபக்கம் வரவில்லை. ஆயில் பக்கத் தகட்டின் விளிம்பில் அரிப்பும் தெரிகிறது. காடி ஊற்றிக் கழுவி மீண்டும் மாட்டலாமா என்றும் எண்ணினேன்.

#6 கேஸ்கெட்_தாள்

அரிப்பு கண்ணுக்குத் தெரியும் வெப்பமாற்றியை அமிலம் ஊற்றிக் கழுவி மீண்டும் மாட்டாதீர்கள். சில இடங்களில் அந்தப் படிவுதான் ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும். உள்தகடு துளைபட்டால், இன்ஜின் ஓடும்போது ஆயில் அழுத்தம் அதிகம் என்பதால் ஆயில் கூலண்ட்டுக்குள் போகும். அது விரிவுத் தொட்டியில் மிதப்பதைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். இன்ஜினை நிறுத்தியதும் ஆயில் அழுத்தம் சுழியமாகிவிடுகிறது, கூலண்ட் பக்கத்திலோ ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் நெடுநேரம் நிற்கிறது. அப்போது கூலண்ட் ஆயிலுக்குள் இறங்கும். கூலண்ட்டிலுள்ள கிளைக்கால் கலந்த ஆயிலில் பேரிங்குகள் நீண்ட நாள் தாங்காது. புதிய வெப்பமாற்றி போடுங்கள், அல்லது அதை விட்டுவிட்டுச் சாண்ட்விச் பிளேட்டுக்குப் போங்கள். இடைவழி எதுவும் வேண்டாம்.

இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதை நான் விரும்புவதில்லை. பிளாக்கில் ஒரு சீல், நடுவில் ஒன்று, ஃபில்டரில் ஒன்று என்று மூன்று முகங்கள் ஒரே நிப்பிளை நம்பித் தொங்கும். ஃபில்டர் வெளியே நீண்டு, அதிர்வில் அதன் எடை நெம்புகோலாக வேலை செய்யும்.

பிளேட்டுக்குப் போவதென்றால் கவனிக்க வேண்டியவை சில உண்டு. வெப்பமாற்றியைப் பிடித்திருந்த நீண்ட உட்குடைவு போல்ட் இனி உதவாது. வெப்பமாற்றி இல்லாத அதே இன்ஜினில் வரும் குட்டை நிப்பிளை வாங்கி, அதன் பிளாக் பக்க மரையையும் அளந்து பார்த்தே மாட்டுங்கள். கூலண்ட் ஹோஸ்கள் இரண்டையும் ஆளுக்கொரு மூடி போட்டு அடைத்துவிடவும் வேண்டாம். பல இன்ஜின்களில் அந்த வழி ஹீட்டர் சுற்றின் அல்லது பைபாஸ் ஓட்டத்தின் ஒரு பகுதி. இரண்டு முனைகளையும் ஒரே ஹோஸால் இணைத்துவிடுவதுதான் ஓட்டத்தைப் பழையபடி காக்கும்.

அடுத்தது முகம். பிளேட்டின் ஓ-ரிங் பள்ளம் ஒரு பொது அளவில் வெட்டப்பட்டது. உங்கள் பிளாக்கின் ஃபில்டர் முகம் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. பழைய கேஸ்கெட் துணுக்கு, பெயின்ட், துரு எல்லாவற்றையும் நைலான் ஸ்கிரேப்பரால் எடுத்து, முகத்தைத் துடைத்து, ஓ-ரிங்கில் மார்க்கிங் நீலத்தை மெலிதாகப் பூசிப் பிளேட்டைக் கையால் ஏற்றி இறக்குங்கள். பிளாக்கில் அறுபடாத ஒரு முழு நீல வளையம் விழ வேண்டும். எங்காவது வளையம் மெலிந்தாலோ, வார்ப்பின் விளிம்பில் பாதி ஏறி நின்றாலோ அந்தப் பிளேட் உங்கள் பிளாக்குக்கு ஆகாது. சிலிகான் சீலன்ட் தடவி அதைச் சரிக்கட்டலாம் என்பவர்களை நம்பாதீர்கள். பிதுங்கும் சிலிகான் துண்டு ஃபில்டரில் சிக்கினால் பிழைத்தீர்கள்; ஆயிலை வடிகட்டாமலே விடும் ஃபில்டரின் பைபாஸ் வால்வு திறந்திருக்கும் நேரத்தில் பிதுங்கினால், அது போய் நிற்பது ஏதாவது ஒரு ஆயில் துளையில்.

#7 ஐந்தாம்_கியர்

தெர்மோஸ்டாட் பற்றிய வாதத்தைச் சாலை வண்டிக்கு ஏற்கிறேன். ஆனால் டர்போவுக்கு ஆயில் கூலரால் நன்மையே இல்லை என்பதுபோல் பேசுவது சரியா? பழைய டர்போக்கள் கரி பிடித்து இறுகுவது சூடான ஆயிலால்தானே?

#8 மெதுவோட்டம்

நன்மை இல்லை என்று நான் சொல்லவில்லை. எந்த நேரத்தில் நன்மை என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஓடும்போது டர்போவின் பேரிங்குகள் ஆயில் படலத்தின் மீது மிதக்கின்றன. அங்கே வரும் ஆயில் 130ஆக இல்லாமல் 105ஆக இருந்தால் படலம் தடிமனாக நிற்கும். ஷாஃப்ட்டிலிருந்து அது எடுத்துச்செல்லும் வெப்பமும் கூடும். அதுவரை கூலர் உதவுகிறது. கரி பிடிப்பது பெரும்பாலும் இன்ஜினை நிறுத்திய பிறகு. பெட்ரோல் டர்போவில் முழுச் சுமையில் எக்ஸாஸ்ட் வாயு 800, 900 டிகிரியில் வருகிறது. நிறுத்திய நொடியில் ஆயில் ஓட்டம் நின்றுவிட, டர்பைன் கூட்டின் வெப்பம் மெல்ல, பேரிங்குகள் இருக்கும் நடுக்கூட்டுக்குள் ஏறி, அங்கே தேங்கிய சிறிதளவு ஆயிலை வேகவைக்கிறது. அந்த நேரத்தில் முன்பக்க கிரில்லுக்குப் பின்னால் தொங்கும் கூலரால் எதுவும் செய்ய முடியாது. நடுக்கூட்டில் தண்ணீர் ஓட்டம் இருக்கும் டர்போவில், பம்பு நின்ற பின்னும் சூடான கூலண்ட் தானாக மேலேறிச் சுற்றுவதால், இந்த வெப்ப ஏற்றம் பெரிதும் மட்டுப்படுகிறது. ஏற்றச் சாலை முடிந்ததும் கடைசிச் சில நிமிடங்களைப் பூஸ்ட் இல்லாமல் ஓட்டுவதும், நிறுத்துமுன் சிறிது ஐடிலில் விடுவதும் அதற்கான மற்ற வழிகள்.

19 வரிசை வேண்டுமா என்பதற்கும் ஒரு கணக்கு. நிமிடத்துக்கு 20 லிட்டர் ஆயில் கூலருக்குள் ஓடி 15 டிகிரி இறங்கி வெளியே வருகிறது என்று கொள்வோம். ஆயிலின் அடர்த்தி 0.85, வெப்ப ஏற்புத்திறன் கிலோவுக்கு 2 கிலோஜூல் என்று எடுத்தால், அது சுமார் 8.5 கிலோவாட். நல்ல காற்றோட்டத்தில் 13 வரிசைக் கூலர் இந்த அளவுக்குப் போதும் என்பதே என் கருத்து. காற்று வராத இடத்தில் மாட்டினால் 25 வரிசையும் போதாது. கூலருக்குப் பின்னால் காற்று வெளியேற வழி இருக்கிறதா என்பதை முதலில் பார்த்துவிட்டுப் பிறகு வரிசைகளை எண்ணலாம்.

#9 வெர்னியர்

கூலரின் வாய்கள் எங்கே பார்க்க வேண்டும் என்ற மூன்றாம் கேள்வி பதிலில்லாமல் நிற்கிறது. மேலே பார்க்கட்டும். இடமில்லை என்றால் கூலரை நிமிர்த்து வைத்து, ஆயில் கீழ்வாயில் நுழைந்து மேல்வாயில் வெளியேறும்படி செய்யுங்கள். வாய்கள் கீழே பார்த்தால் மேல்பகுதியில் காற்று தங்கிவிடும். அந்த அளவுக்குக் கூலரின் பரப்பு வீண். மேலும், அது எப்போது வெளியே வரும் என்பது நம் கையில் இருக்காது.

தெர்மோஸ்டாட் உள்ள பிளேட்டில் இந்தக் காற்றைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது ஆயில் குளிர்ந்திருக்கும். தெர்மோஸ்டாட் பைபாஸ் வழியைத் திறந்து வைத்திருக்கும். கூலருக்குச் சிறிதளவு ஆயிலே கசிந்து போகும். அழுத்த விளக்கு அணைந்துவிட்டது, கசிவும் இல்லை என்று வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவோம். 80 டிகிரியில் பைபாஸ் அடைபடும் நேரத்தில், வண்டி சுமையோடு ஓடிக்கொண்டிருக்கும். வெறுமையாக இருந்த கூலரின் காற்றெல்லாம் அப்போதுதான் ஃபில்டருக்கும், அங்கிருந்து பேரிங்குகளுக்கும், டர்போவுக்கும் தள்ளப்படும். எனவே கூலரையும் இரண்டு ஹோஸ்களையும் மாட்டுவதற்கு முன்பே ஆயிலால் நிரப்புங்கள். கூலரை இருபுறமும் சாய்த்துச் சாய்த்துக் குமிழ் வருவது நிற்கும்வரை ஊற்ற வேண்டும். ஃபில்டரையும் நிரப்பி மாட்டுங்கள். பிறகு இக்னிஷனையும் பெட்ரோல் பம்பையும் துண்டித்துவிட்டு, அழுத்தம் வரும்வரை ஸ்டார்ட்டரால் மட்டும் சுற்றுங்கள். ஒரே மூச்சில் சுற்றாமல் இடையிடையே ஸ்டார்ட்டர் ஆற நேரம் கொடுங்கள்.

10ஆம் எண் ஹோஸின் உள்விட்டம் சுமார் 14 மி.மீ.; ஒரு மீட்டருக்கு 150 மில்லி ஆயில் பிடிக்கும். கூலரின் கொள்ளளவையும் சேர்த்து, டிப்ஸ்டிக்கை முதல் சூடேற்றத்துக்குப் பிறகு மீண்டும் பாருங்கள்.

இன்னொன்று: பிளேட்டின் தெர்மோஸ்டாட்டை மாட்டுவதற்கு முன்பே சோதித்துவிடலாம். மெழுகுக் குமிழுள்ள அந்தச் சிறு உறுப்பைக் கழற்றி, தண்ணீரில் தொங்கவிட்டு, வெப்பமானியோடு அடுப்பில் வையுங்கள். 80ஐ ஒட்டி அதன் தண்டு நீளத் தொடங்க வேண்டும். ஆறியதும் தயங்காமல் உள்ளே திரும்ப வேண்டும். பாதியில் சிக்கும் உறுப்பைச் சுத்தம் செய்து பயன்படுத்தாமல் மாற்றிவிடுங்கள்.

#10 கேஸ்கெட்_தாள்

ஹோஸ் பற்றிச் சேர்க்கிறேன். இந்த இணைப்புகளில் சீல் செய்வது 37 டிகிரி கூம்பு முகம்தான்; மரைக்கு அந்த வேலை இல்லை. டெஃப்லான் டேப் சுற்றினால் கூம்பு சரியாக உட்காராது. டேப்பின் நூலிழை ஒன்று ஆயிலோடு போய்விடவும் கூடும். பிளேட்டில் ஏறும் பக்க இணைப்புகளுக்கு ஓ-ரிங் அல்லது ரப்பர் ஒட்டிய வாஷர் இருக்கும், அதுவே போதும்.

துருப்பிடிக்காத எஃகு வலை போர்த்திய ஹோஸ் பார்க்க அழகு. ஆனால் எதன்மேல் உரசுகிறதோ அதை அரம்போல அறுத்துவிடும். சேசிஸ் தகடு, ரேடியேட்டர் பக்கத் தொட்டி, வயர் கட்டு என்று தொடும் இடமெல்லாம் ரப்பர் உறை போட்டுக் கிளிப் அடியுங்கள். இன்ஜின் மவுன்ட்டில் ஆடும், கூலர் ஆடாது என்பதால் நடுவில் சிறு தளர்வு வேண்டும். டர்போ பக்கமாக எந்த ஹோஸையும் கொண்டுபோகாதீர்கள். உங்கள் இன்ஜினில் ஃபில்டரும் டர்போவும் ஒரே பக்கம் இருப்பதால், கீழிறக்கி முன்னால் கொண்டுபோவதுதான் வழி. அதற்கும் இடையில் ஒரு தகட்டு மறைப்பு வேண்டும்.

#11 இரும்பு_பிளாக்

பொருத்தி முடித்துவிட்டேன். குட்டை நிப்பிள் கிடைத்தது. நீலம் பூசிப் பார்த்ததில் வளையம் முழுதாக விழுந்தது, கீழ்ப்புறத்தில் மட்டும் முகத்தின் விளிம்பிலிருந்து ஓ-ரிங்குக்கு இரண்டு மி.மீ. இடைவெளிதான் மிச்சம். பிளேட்டைப் பிடித்துக்கொண்டு நடுபோல்ட்டை அதன் தாளில் சொன்ன முறுக்கு அளவுக்கு இறுக்கினேன்; இல்லாவிட்டால் போல்ட்டோடு பிளேட்டும் சுழன்று, வாய்கள் வேறு பக்கம் திரும்பிவிடுகின்றன. கூலர் ரேடியேட்டருக்கு முன்னால், வாய்கள் மேலே. கூலண்ட் ஹோஸ்களை ஒன்றாக இணைத்தாயிற்று. ஸ்டார்ட்டரால் சுற்றிய சிறிது நேரத்தில் விளக்கு அணைந்தது.

ஒரு ஐயம். பிளேட்டில் கூடுதலாக இருந்த சிறு துளையில் அழுத்த சென்சாரையும் மாட்டியிருக்கிறேன். பிளாக்கில் உள்ள பழைய சென்சாரைவிட இது குளிர்ந்த ஆயிலில் அரை பாருக்கும் மேல் கூடுதலாகக் காட்டுகிறது. சூடேறியதும் வித்தியாசம் மிகவும் குறைந்துவிடுகிறது. எதை நம்புவது?

#12 கேஸ்கெட்_தாள்

இரண்டும் உண்மையே சொல்கின்றன. பம்பிலிருந்து வரும் ஆயில் முதலில் பிளேட்டை அடைந்து, கூலர் வழியாகவோ பைபாஸ் வழியாகவோ சென்று, ஃபில்டரைத் தாண்டிய பிறகே நடுபோல்ட் வழியாகப் பிளாக்கின் முதன்மை ஆயில் வழியான கேலரிக்குப் போகிறது. உங்கள் புதிய சென்சார் ஃபில்டருக்கு முந்தைய அழுத்தத்தைக் காட்டுகிறது. கெட்டியான ஆயில் ஃபில்டரில் இழக்கும் அழுத்தம்தான் நீங்கள் பார்க்கும் வித்தியாசம். பேரிங்குகளுக்குக் கிடைப்பது கேலரி அழுத்தம் என்பதால், எச்சரிக்கை விளக்கும் மீட்டரும் பிளாக் சென்சாரிலேயே இருக்கட்டும். பிளேட்டில் உள்ள துளையை வெப்பத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது கூலருக்குப் போகும் பக்கமா, திரும்பி வரும் பக்கமா என்று பார்த்துக் குறித்துவைப்பது நல்லது. இல்லையேல் சம்ப் அளவோடு ஒப்பிடும்போது குழப்பம் வரும்.

#13 ஐந்தாம்_கியர்

ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தீர்களா? எண்களைத் தெரிந்துகொள்ள ஆவல்.

#14 இரும்பு_பிளாக்

அதே ஏற்றம், அதே வேகம்: சம்ப்பில் 108 டிகிரியில் நின்றது. சமதளத்தில் 92, 94. ஆனால் காலையில் ஆயில் 80ஐத் தொட முன்பைவிடக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கிறது. அடைபட்டிருந்தாலும் பழைய வெப்பமாற்றி ஓரளவு உதவிக்கொண்டிருந்திருக்க வேண்டும். குறுகிய ஓட்டம் மட்டுமே உள்ள நாட்களில் பூஸ்ட்டைத் தொடாமல் ஓட்டுகிறேன். முதல் சூடேற்றத்துக்குப் பிறகு டிப்ஸ்டிக்கில் குறைந்திருந்த அளவுக்கு ஆயில் ஊற்றினேன்.

பிளேட்டுக்கு அடியில் வெள்ளை அட்டை வைத்து, இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்து பார்த்ததில், சொட்டு எதுவும் இல்லை.

#15 வெர்னியர்

நல்லது. அட்டையைக் காலைக் குளிரில் வைத்துப் பார்த்ததுதான் சரியான சோதனை. அழுத்தம் உச்சத்தில் இருக்கும் நேரம் அது.

இன்ஜின் முழுதாக ஆறியபின் நடுபோல்ட்டின் இறுக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். புதிய ஓ-ரிங் முதல் சூட்டில் சற்று அமுங்கிக்கொடுக்கும். ஃபில்டரைக் கழற்றும்போது ஒரு கையால் பிளேட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஃபில்டர் இறுகியிருந்தால் அது தனியாக வராமல் நடுபோல்ட்டையும் சேர்த்து அவிழ்த்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. பிளேட்டிலும் பிளாக்கிலும் சேர்ந்தாற்போல் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவைத்தால், ஃபில்டர் மாற்றியதும் கோடு நேராக நிற்கிறதா என்று ஒரு பார்வையில் அறியலாம். புதிய ஃபில்டரைக் கேஸ்கெட் தொட்டபின் கையால் முக்கால் சுற்று மட்டும் இறுக்குங்கள். பழைய ஃபில்டரின் கேஸ்கெட் பிளேட்டிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கவில்லையே என்று விரலால் தடவிப் பார்த்த பிறகு.